ஆழத்து ராஜாவின் பாஷை

— இன்னொரு தடவை, வீரமலை மாமா. ‘தெஹ்ரா.’ அந்த ‘ஹ்’ வயித்துலேருந்து வரணும்.

— வயித்துலேருந்து ஏப்பம்தான் வருது, டீச்சரம்மா. சுடு டீயை ஊதுற மாதிரி ஊதினேனே, பத்தலையா?

— அது உதட்டோட நிக்குது. உலைத் துருத்தி ஊதுமே, அந்த மாதிரி உள்ளேருந்து.

— தெ...ஹ்ரா.

— ஆங்! இப்ப முழுசா.

— தெஹ்ரா உமி, கெலூ. ‘வந்தேன் நான், ஆறே.’ ஏம்மா பாக்கியமேரி, ஒளிக்காம சொல்லு. இப்படி ஒரு பாஷை எந்த ஊர்லயும் கிடையாது. நாடகத்துக்காக நீயா கட்டினது. இதுக்கு இலக்கணம் ஒரு கேடா? தரையில உக்காந்து பாக்குறவனுக்கு என்ன தெரியப்போவுது?

— எனக்குத் தெரியும்ல?

— நம்ம நாடக மன்றத்து செக்ரட்டரி தாயுமானவன் என்னங்கிறாரு? ‘காவேரிக்கு அடியில இருக்கிற ராஜா எப்படிப் பேசினா என்னய்யா, ஊ ஆன்னு கத்திட்டு வா’ங்கிறாரு.

— இன்னொண்ணும் சொல்லியிருக்கார். இன்னிக்கு நம்ம பொன்மலை மேடையில நீங்க ஒரு இடத்துல தடுக்கினாலும், மதுரை ரயில்வே போட்டிக்குப் பாஷையையே வெட்டிருவாராம். ராஜா வேஷம் ஸ்டோர்ஸ் கிளார்க்குக்கு. அவர் தமிழ்லயே பேசிட்டுப் போயிருவாராம்.

— அவனா? சம்மட்டியைத் தூக்கச் சொன்னா சம்மட்டி அவனைத் தூக்கும்.

— அப்ப ரோஷத்தோட சொல்லுங்க. ‘வரல நான்.’

— உஷ் தெஹ்ரா...

— வினை முன்னால, ஆள் பின்னால. இல்லைங்கிற ‘உஷ்’ எல்லாத்துக்கும் கடைசியில. ஆழத்து சனங்க எதையும் முழுசாக் கேட்டுட்டுத்தான் மறுப்பாங்க.

— நல்ல சனங்க. லீவு கேட்டா வாயைத் தொறக்க முன்ன இல்லைன்னு தலையாட்டுறானே எங்க போர்மேன், அவனைக் கொஞ்ச நாள் அங்க அனுப்பணும்.

— சிரிக்க வெக்காதீங்க, மாமா. கொல்லுப்பட்டறையில மேஸ்திரி சின்னச் சுத்தியால தட்டிக் காட்டுவாரு, அந்த இடத்துல நீங்க சம்மட்டியைப் போடுவீங்கல்ல? நான் இந்தப் பெட்டியில தட்டுறேன். தட்டுன இடத்துல அழுத்துங்க.

— அட, இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன! தெஹ்ரா! உமி! உஷ்!

— அய்யோ, அவ்வளவு சரியா இருக்கு!

— மனசுக்குள்ள சிரிக்கலையே நீ?

— மாதா சத்தியமா இல்ல.

— நான் லேசுல நம்ப மாட்டேன். ‘மழை’யை ‘மளை’ன்னதுக்கு வாத்தியார் என்னை பெஞ்சு மேல ஏத்தி, பள்ளிக்கூடமே சிரிக்க வெச்சாரு. அன்னிக்கு எறங்கி வந்தவன்தான், திரும்பப் பள்ளிக்கூடம் போகல. இந்தப் பாஷையில உன்னைத் தவிர ஊரே எனக்குச் சமமான தற்குறி. அதுக்குத்தான் ஒத்துக்கிட்டேன்.

— மணி அடிச்சாச்சு, மாமா. காட்டூர்லேருந்து உங்க சம்பந்தி வந்து முன்னாடியே உக்காந்திருக்கார். போங்க!

* * *

— போச்சு, டீச்சரம்மா. கிரீடத்தைப் பிடி. கொண்டுபோய் அந்த ஸ்டோர்ஸ் கிளார்க் தலையில வை.

— இருங்க மாமா, நான் சொல்றதை...

— என்னத்த இருக்கிறது? ராஜா தாடி பிச்சுக்கிட்டு மேடையில விழுவுது. மொதல் சிரிப்பு எவனுதுங்கிற? என் சம்பந்தியோடது! திரும்ப பெஞ்சு மேல ஏறின மாதிரி ஆயிருச்சு. நீ எழுதிக் குடுத்த வசனம் ஒரு சொல்லு நெஞ்சுல இல்ல.

— ஆனா தாடியைக் கையில தூக்கிப் பிடிச்சீங்களே.

— பிடிச்சேன். வாயில வந்ததைச் சொன்னேன். ‘தொரா மெஷு. தொரா உமி உஷ்!’ கூட்டம் கப்புன்னு அடங்கிருச்சு. அதெல்லாம் என் தொண்டைச் சத்தத்துக்கு. நீ எழுதினது அது இல்லையே. தடுக்கினது தடுக்கினதுதான்.

— செக்ரட்டரி ஓடி வந்து கேட்டாரு, ராஜா என்னம்மா சொன்னாருன்னு.

— உளறினான்னு சொல்லிட்டியா?

— ‘விழுந்தது முடி, விழல நான்’னு சொன்னாருன்னேன்.

— முடியா? தாடிக்கு நீ வார்த்தையே குடுக்கல. நீ குடுத்த ‘மெஷு’வை நான் மயிருன்னு நெனச்சுத்தான் சொன்னேன்.

— சரி, மயிர்தான்! மதுரையில அதை அப்படியே வெக்கணும்னுட்டாரு. ராஜாவும் நீங்கதான். அழாதீங்க மாமா, சாயம் கரையுது.

— நான் எங்க அழுவுறேன்? நீதான் அழுவுற. உனக்கென்ன வந்துச்சு?

— எட்டு வயசுலேருந்து இந்தப் பாஷையில நானே சொல்லி, நானே கேட்டுக்கிட்டிருந்தேன். இன்னிக்குத்தான், மாமா, இன்னொருத்தர் பேசி நான் கேட்டேன்.