வயதுக்கு ஒரு பெட்டி

எனக்கு மூக்கு நல்ல மூக்கு, லோத்தர் தம்பி. பால் திரியப்போவது முந்தின நாளே தெரிந்துவிடும். அதனால் கருகல் வாடை தெரியவில்லையா என்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான்.

என் வீட்டுக்காரர் எக்கார்ட்டுக்குச் சுரங்க வேலையில் நெஞ்சும் கெட்டது, மூக்கும் செத்துப்போனது. நிலவறையில் அவர் பொம்மை ரயில் ஓட்டும்போதெல்லாம் (பொம்மை என்றால் உங்கள் இருவருக்கும் கோபம் வரும்) படிக்குக் கீழிருந்து குரல் வரும்.

"ரோஸி, வாசனை வருதா?"

மோட்டார் சூடேறினால் முதலில் தெரிவது மூக்குக்குத்தானே. எண்ணெய் தீய்கிற வாடை வந்தால், "வருது, நிறுத்துங்க" என்பேன். இஞ்சினின் மேல்கூட்டைக் கழற்றிக் காற்றாட வைப்பார்.

அந்தச் சிவப்பு டீசல் இஞ்சின் எங்கள் ஹென்னிங் செய்தது. ஓட்டுநர் அறையில் நகமளவு ஆளை உட்காரவைத்து, அப்பாவின் மீசையையும் வரைந்திருந்தான். பிறந்தநாளுக்கு வயதுக்கு ஒரு பெட்டி கோத்து ஓட்டுவது அப்பனுக்கும் பிள்ளைக்கும் வழக்கம். பத்தொன்பது பெட்டி ஓடிய வருஷம் மோட்டார் சைக்கிளோடு போய் மரத்தில் மோதினான். எக்கார்ட் வழக்கத்தை நிறுத்தவில்லை. செத்த பிள்ளைக்கும் வருஷா வருஷம் வயது ஏறியது, பெட்டி கூடியது. மோட்டார் மட்டும் அதே சின்ன மோட்டார்.

நீங்களே உங்கள் ரயில் சங்கத்தில் சொன்னீர்கள். "அண்ணே, இது இஞ்சினா, மாடா? பாதிப் பெட்டியக் கழட்டி விடுங்க."

"எந்த வயசக் கழட்டச் சொல்றே?" என்றார்.

என்னிடம் அவர் ஹென்னிங்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இஞ்சினிடம் பேசுவார். "மெதுவா ஏறுடா கண்ணா, மேடு வருது." நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். பிறந்தநாளுக்கு மேசையில் மூன்று தட்டு வைப்பேன். காப்பி ஆறிப்போகும். நானும்தானே பெற்றேன்?

மோட்டார் செத்தால் மேலே வருவார் என்று தோன்றியது. இஞ்சினை உடைக்க மனம் வராது, பிள்ளை கை பட்டது. வாடை வந்தாலும் "வரல" என்று சொன்னால் போதும். ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். பிறகு பழகிவிட்டது. மோட்டாரின் கம்பிச்சுருள் ஒரே நாளில் கருகியதில்லை என்றீர்களே, சரிதான்.

அன்றைக்கு அவன் பிறந்தநாள், பிளம் பழம் அடுக்கி அடுப்பில் கேக் வைத்திருந்தேன். கீழே அத்தனை பெட்டியும் கோத்தாகிவிட்டது. ரயில் திணறுவது காதுக்கே கேட்டது.

"ரோஸி, வாசனை வருதா?"

"கேக் வாசனைதாங்க. நீங்க ஓட்டுங்க."

"குகைக்குள்ள நின்னுட்டான். கொஞ்சம் கரண்ட் கூட்டுனா ஏறிடுவானா?"

"கூட்டுங்க."

நின்றுபோன மோட்டாருக்குக் கரண்ட் கூட்டினால் என்ன ஆகும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என் மூக்கை நம்பிக் கூட்டினார். கூடு உருகி, மரத்தூளும் பசையும் வைத்துச் செய்த அந்த மலைக்குள் வழிந்து தீப்பிடித்திருக்கிறது. குகைக்குள் என்பதால் முதலில் அவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

பிறகு இருமல் கேட்டது. அவருக்கு எப்போதும் இருமல்தான். அப்புறம் கூப்பிட்டார். என்னைக் கூப்பிட்டிருந்தால் இறங்கியிருப்பேன், தம்பி. அவர் கூப்பிட்டது ஹென்னிங்கை.

நீங்கள் வந்து தூக்கியபோது இஞ்சின் அவர் கைக்குள் இருந்தது என்றீர்கள். ஓட்டுநருக்கு மீசை இருந்ததா என்று கேட்க நினைத்தேன்.

நான் சாகடிக்க நினைத்தது மோட்டாரைத்தான். நிலவறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டதுகூட, கேக்கில் புகை வாடை ஏறக்கூடாதே என்றுதான்.