மணிக்கூண்டுப் படி

புறா எச்சத்தை வெந்நீரில் ஊறவைத்துவிட்டுச் சுரண்டினால் சுலபமாக வந்துவிடும், இன்ஸ்பெக்டர். காய்ந்ததோடு மல்லுக்கட்டினால் கல்லும் சேர்ந்து உரியும். மணிக்கூண்டில் நாங்கள் கற்ற முதல் பாடம் அது.

நாங்கள் என்றால், எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நானும், தச்சு வேலை செய்யும் என் தங்கை புருஷனும். கூண்டு இன்றோ நாளையோ என்று நின்றது. தொல்லியல் துறைக்கு மனு மேல் மனு போட்டோம். கிணற்றில் போட்ட கல். இந்த ஜன்னலில் கேட்டால் அந்த ஜன்னல், அந்த ஜன்னலில் சாப்பாட்டு நேரம். பொறுக்காமல் நாங்களே இறங்கினோம். செடிகளைப் பிடுங்கினோம், விரிசலை அடைத்தோம். மேலே போகும் மரப்படியில் உச்சிக்கு அருகே உளுத்திருந்த பலகையைக் கழற்றிவிட்டு, மாப்பிள்ளை புதிது போட்டான்.

"யானை ஏறினாலும் தாங்கும் மச்சான். சந்தேகம்னா உங்க தங்கச்சிய ஏத்திப் பாருங்க."

வேலை முடிந்ததும் துறை விழித்துக்கொண்டது. அதிகாரி வந்தார்.

"யாரைக் கேட்டுத் தொட்டீங்க?"

"கேட்டோம் சார். பதில் வரல."

"வரலைன்னா வேண்டாம்னு அர்த்தம். எல்லாம் இருந்தபடியே இருக்கணும். நானே மேல ஏறிப் பார்ப்பேன். இல்லேன்னா கூண்டுக்கு சீல்தான்."

பிடுங்கிய செடியை எங்கே போய்த் தேடுவது? திரும்ப வைக்க முடிந்தது ஒன்றுதான். பழைய பலகை என் கடையின் பின்னால் கிடந்தது. அவர் வருவதற்கு முந்தின நாள் அதை மாட்டினேன். மற்றப் படிகளோடு ஒத்துப்போக ஒரு கை பெயிண்டும் அடித்தேன். இருந்தபடி வைப்பவனுக்குப் பெயிண்ட் எதற்கு என்கிறீர்கள். பார்வைக்கு நன்றாக இருக்கட்டுமே என்றுதான்.

மாப்பிள்ளையை நான் வரச் சொல்லவில்லை. அவனாக வந்தான். அதிகாரி கீழ்ப்படியில் தயங்குவதைப் பார்த்துச் சிரித்தான்.

"பயப்படாதீங்க சார், நான் போட்ட பலகை. முன்னால போறேன், பின்னாலயே வாங்க."

விறுவிறுவென்று ஏறினான். உச்சிக்குச் சற்றுக் கீழே நின்று என்னைப் பார்த்தான்.

"என்ன மச்சான், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

நிறுத்த நேரம் இருந்தது. ஆனால் அவனை இறங்கச் சொன்னால் அதிகாரியும் இறங்கிவிடுவார். சாயங்காலமே சீல் விழும்.

"ஒண்ணுமில்ல, ஏறு" என்றேன்.

பழைய பலகை முறிந்து மாப்பிள்ளையை மட்டும்தான் கொண்டுபோனது. அதிகாரிக்கு ஒரு கீறல்கூட இல்லை. முந்தாநாள், கூண்டு முழுவதையும் சீர்செய்யத் துறையே உத்தரவு போட்டுவிட்டது. எத்தனை மனுவுக்கும் அசையாத கோப்பு அது. இனி வேலை நிற்காது என்று தெரிந்த பிறகுதான் உங்களிடம் வந்தேன்.

தங்கை என் முகத்தில் விழிப்பதில்லை. கோபம் ஆறட்டும். கூண்டில் மணி அடிக்கிற அன்று நானே அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுவேன். அவள் புருஷனும் இதற்குத்தானே ஆசைப்பட்டான்.