அம்மாயி சுட்ட தோசை

அகல்யாவுக்கு ரசம் வைக்க வராது. முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள் மேடம். முதல் என்றால் அதுதான். புளியைக் கரைத்து அடுப்பில் ஏற்றிவிட்டுப் போனைப் பார்ப்பாள். அது பாட்டுக்குக் கொதித்துக்கொண்டே கிடக்கும். பக்கத்து வீட்டுக்கு அவர்கள் குடிவந்த முதல் வாரமே, சுவரைத் தாண்டி வந்த வாசத்தை வைத்து, இந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று தெரிந்துகொண்டேன். ஒரு கிண்ணம் ரசத்தோடு போய் நின்றேன். மல்லசமுத்திரத்தில் எங்கள் வீதியில் யார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விட்டது, எந்த மருமகள் எந்த மாமியாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். மாரக்காளிடம் ஒன்றைச் சொன்னால் மைக் செட் கட்ட வேண்டியதில்லை என்று என் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் செய்கிற பண்டத்தை வாங்கிக்கொள்ள எல்லாரும் வருவார்கள். உட்காரத்தான் யாரும் வருவதில்லை.

கிண்ணம் காலியாவதற்குள் அவள் கதை முழுக்க என் கைக்கு வந்துவிட்டது. அகல்யா மோகனூர்ப் பெண், சுத்த சைவம். புருஷன் ரூபன் சேலத்துக் கிறிஸ்தவப் பையன், போர்வெல் ரிக் வண்டியில் டிரைவர். காதல் கல்யாணம். இரண்டு வீட்டிலும் கதவைச் சாத்திவிட்டார்கள். ரூபன் ரிக்கோடு சத்தீஸ்கர் பக்கம் போனால், பூமிக்குள் இருக்கும் தண்ணீரையெல்லாம் மேலே எடுத்துவிட்டுத்தான் திரும்புவான். இவள் நூல் மில்லுக்குப் போகிறாள். நடுவில் இனியா, நான்கு வயது.

அகல்யா குழந்தை வளர்த்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுத்தான் செய்வாள். "பாப்பா, தலை சீவலாங்களா? இந்தச் சட்டையா, அந்தச் சட்டையா?" அந்த அம்மணி யோசித்துப் பதில் சொல்லும்வரை இவள் சீப்போடு நிற்பாள்.

"ஏன்டி அகல்யா, மூத்திரம் போறதுக்கும் ஓட்டுப் போடச் சொல்வியா?" என்று கேட்டேன்.

"அவ ஒடம்புங்க பெரியம்மா. அவளைக் கேக்காம எப்படி?" என்றாள். போனில் யாரோ அப்படிச் சொல்லியிருக்கிறார்களாம்.

அவள் மில்லுக்குப் போகும் நேரமெல்லாம் குழந்தை என்னிடம்தான். நான் சொல்லாமலே அது என்னை அம்மாயி, அம்மாவைப் பெற்றவள், என்று கூப்பிட்டது. இதை அழுத்தி எழுதிக்கொள்ளுங்கள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

முதல் தடவை நடந்தது தெரியாமல்தான். நாமக்கல் ஜில்லாவில் பிறந்துவிட்டு முட்டை வாசமே ஆகாது என்று ஒரு பெண் சொன்னால், அவள் பிள்ளைக்கு நாமாவது கொடுக்க வேண்டும் என்றுதானே தோன்றும். ஒரு முட்டைக் கலக்கி போட்டு, மிளகு தூவி ஊட்டினேன். ரெண்டு வாய் சப்புக்கொட்டிச் சாப்பிட்டது. கொஞ்ச நேரத்தில் உதடு தடித்தது. உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்து, மூச்சு விசில் மாதிரி வந்தது. ஆட்டோ பிடித்துத் திருச்செங்கோட்டில் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மில்லில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அகல்யாவுக்குச் சொல்ல வழியில்லை.

"கூட வந்ததுல பெரியவங்க யாருங்க?" என்று கேட்டார்கள். நீங்கள் யார், குழந்தைக்கு என்ன உறவு என்று கேட்கவில்லை. நம் பக்கத்து வழக்கம் அதுதானே. தலை நரைத்தவர் தலையாட்டினால் போதும். நான் தலையாட்டினேன். அம்மாயி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். ஊசி போட்டார்கள். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கியது.

சாயங்காலம் அகல்யா பஞ்சு ஒட்டிய தலையோடு ஓடிவந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். என் தோளில் ஒருத்தர் சாய்ந்து எத்தனை வருஷம் ஆகிறது என்று யோசித்தேன், கணக்குக்கு வரவில்லை. "நீங்க இல்லீன்னா எம்புள்ளை எனக்கு இல்லீங்க பெரியம்மா" என்றாள். குழந்தை என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டார். பருப்பு சாதம் என்றேன். பயந்து சொன்னதுதான்.

ஆஸ்பத்திரி எனக்குப் பழகின இடம். எந்தக் கட்டில் ஜன்னலோரம், எந்த ஆயா சுடுதண்ணீர் தருவாள் என்பதெல்லாம் போன உடனே பிடிபட்டுவிடும். பக்கத்துக் கட்டில்காரர்கள் "அம்மாயி, பாப்பாவுக்கு எப்படீங்க இருக்குது?" என்று விசாரித்தார்கள். அவர்கள் இட்லியை நான் சாப்பிட்டேன், என் சாதத்தை அவர்கள் சாப்பிட்டார்கள். வீதியில் நான் கேட்டால் அது வம்பு. வார்டில் கேட்டால் அக்கறை.

பிறகு குழந்தை குணமானது. வீட்டுக்கு வந்தோம். அகல்யா பழையபடி வாசலிலேயே நின்று குழந்தையை வாங்கிக்கொண்டு "வாரேனுங்க பெரியம்மா" என்று போய்விட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் டிவி போட்டேன். அதில் செய்தி வாசித்த பெண் வணக்கம் சொன்னாள். பதிலுக்கு நானும் சொன்னேன்.

அதற்குப் பிறகு கொடுத்ததெல்லாம் தெரிந்து கொடுத்தது. கோதுமைத் தோசை மாவில் ஒரு கரண்டி முட்டையை அடித்து ஊற்றினால் யாருக்கும் தெரியாது. அடிக்கடி இல்லை. வீடு ரொம்ப அமைதியாகிப்போகும் நாட்களில் மட்டும். நான் விஷம் வைக்கவில்லை மேடம். அரசாங்கமே பால்வாடியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பண்டம். ஆனால் அங்கே முழு முட்டையைக் கொடுத்துவிட்டால் என்ன ஆவது? அதனால் பால்வாடி டீச்சரிடம் போய், எங்கள் பாப்பாவுக்கு முட்டை கொடுக்க வேண்டாம், அவள் சைவம் என்று சொல்லிவைத்தேன். அளவு என் கையில் இருந்தால்தானே குழந்தைக்குப் பாதுகாப்பு.

ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரியில் அகல்யா என் முகத்தைப் பார்ப்பாள். ரத்தம் எடுக்கலாமா, நாளைக்கும் இருக்கலாமா என்று நர்ஸ் கேட்டால், பெற்றவள் அவள், ஆனால் "பெரியம்மா சொன்னா சரிங்க" என்பாள். நான் யோசிப்பது போல் கொஞ்ச நேரம் காக்கவைத்துவிட்டு, சரி என்பேன்.

போன மாதம் ரூபன் வந்தான். சேலத்தில் அவன் அம்மாவுக்கு, வேளாங்கண்ணி என்று பேர், மனசு இறங்கிவிட்டதாம். பேத்தியைக் கூட்டிவா, இங்கேயே இருங்கள், பள்ளிக்கூடம் பார்த்தாயிற்று என்று சொல்லிவிட்டாளாம். நான்கு வருஷமாக எட்டிப் பார்க்காத மகராசி. அகல்யா சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள்: "இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்லீங்க பெரியம்மா. நிம்மதியா இருக்கலாம்."

நிம்மதி என்ற வார்த்தையை அவள் யோசித்துச் சொல்லியிருக்கலாம்.

பயணம் தள்ளிப்போனால் போதும் என்றுதான் நினைத்தேன். சும்மா திட்டுத் திட்டாகச் சிவந்தால் பழகிப்போச்சு என்று மாத்திரை கொடுத்துக் கூட்டிப்போய்விடுவார்கள். அதனால் தோசையில் இரண்டு முட்டை ஊற்றினேன். குழந்தை பாதியில் போதும் என்றது. மீதியையும் ஊட்டினேன்.

இந்தத் தடவை மூச்சு விசிலாகக்கூட வரவில்லை. உதடு நீலமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் எல்லாரும் ஓடினார்கள். ஊசி, குழாய், முகத்தில் மூடி. அகல்யா சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் வெளியே வந்து, "இப்படியே அடிக்கடி வருதே, ஏதாவது சாப்பாடு ஒத்துக்காதாங்க? இன்னொரு தடவை இப்படி வந்தா காப்பாத்த முடியாது" என்றார். அகல்யா என்னைப் பார்த்தாள். நான் டாக்டரைப் பார்த்து, "அப்படியொண்ணும் இல்லீங்க, எல்லாம் நல்லாச் சாப்புடும்" என்றேன்.

அஃபீபா என்று ஒரு புது நர்ஸ். சேலத்துப் பெண், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மூச்சு சீரானதும் மறுநாள் காலையில் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து உட்கார்ந்தாள். "பெரியவங்க எல்லாம் கொஞ்சம் வெளிய இருங்க. நான் பாப்பாகிட்டப் பேசணும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நாலு வயசுங்க அம்மிணி. அது என்னத்தச் சொல்லும்? என்னையக் கேளுங்க."

"உங்களைத்தான் ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்காங்களே பாட்டி" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

அகல்யா உடனே வெளியே போனாள். நான் திரைத்துணிக்குப் பின்னால் நின்றேன். நின்றதை ஒளிக்கவில்லை, ஒட்டுக்கேட்பது என் வழக்கம் என்று வீதியே சொல்லும்.

"பாப்பா, நான் உங்க கையத் தொட்டுக்கட்டுமா?"

குழந்தை கையை நீட்டியிருக்க வேண்டும்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"தோசைங்க."

"யாரு சுட்டாங்க?"

"அம்மாயி."

"தோசைல என்ன ஊத்துனாங்க?"

"அது ரகசியமுங்க" என்றது.

"ரகசியம் சொல்ல வேண்டாம்னு தோணுனா சொல்ல வேண்டாம். ஆனா அது உங்களுக்கு வலிக்குதா?"

"தொண்டையில வலிக்குதுங்க. மஞ்சளா, முட்டை."

அதைக் குற்றம் சொல்ல முடியாது. கேட்டால் பதில் சொல்லும்படி வளர்த்திருக்கிறார்கள். நான்தான் அதை நினைத்துப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அகல்யா கத்தவில்லை. குழந்தையின் செருப்பு என் மடியில் இருந்தது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். அவர்கள் சேலத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னீர்கள். குழந்தை நன்றாக இருப்பதாகவும். சந்தோஷம். ஆமாம், நான்தான் கொடுத்தேன். தெரிந்தேதான் கொடுத்தேன். செத்துப்போகும் என்று தெரிந்தும் டாக்டரிடம் சொல்லவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

உங்களுக்கென்று பிள்ளைகள் இல்லையா என்று கேட்டீர்கள். இருக்கிறாள், பூங்கொடி, ஒரே மகள். மறைக்கவில்லை, பேச்சில் வரவில்லை, அவ்வளவுதான். கோபிப் பக்கம் கட்டிக்கொடுத்தது. அவள் பிள்ளைகளை எனக்குக் காட்டியதில்லை. நீங்கள் போன் செய்தபோதும் வரமாட்டேன் என்றாளாமே. அவளை வளர்க்க நான் பட்ட பாடு அவளுக்கு மறந்துவிட்டது. சின்னதில் ரொம்ப நோஞ்சான் மேடம். வாரத்துக்கொரு வாந்தி, மாதத்துக்கொரு மயக்கம்; பள்ளிக்கூடத்தில் இருந்ததைவிட வார்டில் என் மடியில் இருந்ததுதான் அதிகம். எந்த டாக்டருக்கும் என்ன நோய் என்று பிடிபடவில்லை. கல்யாணமாகி என் வீட்டைவிட்டுப் போனபிறகு அவளுக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லையாம். கோபியில் வாய்க்கால் தண்ணீர்; அது உடம்புக்கு அவ்வளவு நல்லது போலிருக்கிறது.