ஜெசிந்தா டீச்சரின் கைபேசி வகுப்பு

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, திண்டிவனத்திலிருந்தும் சுற்றூர்களிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோரே, அழுது முகம் வீங்கிய என் மாணவிகளே! நான் அமலா, இப்பள்ளியின் கணக்கு ஆசிரியை. பேச எழுந்திருக்கிறேன். துக்கத்தோடு மட்டுமல்ல, பயத்தோடும்.

வியாழக்கிழமை மாரடைப்பில் மறைந்த நம் ஓவிய ஆசிரியை ஜெசிந்தா அவர்கள் யார்? வண்ணப்பெட்டி வாங்க வழியில்லாத பிள்ளைகளிடம் கைபேசியைக் கொடுத்து, பெருமுக்கல் மலையைக் காலையிலும் மாலையிலும் படமெடுக்கச் சொன்னவர்! வெளிச்சம் ஒரு பாறையை என்னவெல்லாம் செய்கிறது என்று பார்க்கவைத்தவர்! அந்தப் படங்களைப் பள்ளியின் யூடியூப் சேனலில் ஏற்றியவர்!

அங்கிருந்துதான் ஆபத்து வந்தது. சேனலில் அந்தப் படங்களைப் பற்றிப் பேசிய பத்தாம் வகுப்பு வெண்ணிலாவின் முகத்தை எவனோ எடுத்து, பக்கத்து ஊர்ப் பையனோடு மாலையும் கழுத்துமாக நிற்பதுபோல் படம் செய்து வாட்ஸ்அப்பில் பரப்பினான். இங்கே தன் பெயரைச் சொல்லச் சொன்னவள் அவளேதான்.

அன்று மாலை அவள் வீட்டு வாசலில் உறவுக்காரர்கள் கட்டையோடு கூடிவிட்டார்கள். அவளை அறையில் பூட்டிவிட்டார்கள். ஜெசிந்தாவும் நானும் போனோம். அவர் இறங்கி நடந்தார். நான் வண்டியை விட்டே இறங்கவில்லை! உங்கள் முன் ஒப்புக்கொள்கிறேன்.

வெண்ணிலாவின் அப்பா குமரேசன் கத்தினார்: "நீங்க குடுத்த போனுதான் எங்க மானத்த வாங்கிக்கினு போச்சு. போயிடுங்க டீச்சர்!"

ஜெசிந்தா சொன்னார்: "பயந்துக்கினுதாங்க வந்திருக்கேன். அந்தப் படத்த பொண்ணுகிட்ட ஒருதரம் காட்டுங்க. போயிடறேன்."

கதவு திறந்தது. வெண்ணிலா வாசலுக்கு வந்து படத்தைப் பார்த்தாள்.

"யப்பா, மூஞ்சில வெயிலு இந்தப் பக்கம் அடிக்குது. கழுத்து மாலைல அந்தப் பக்கம் அடிக்குது. ஒரே வெயிலு எப்படிப்பா ரெண்டு பக்கமும் வரும்? ஒட்டியிருக்கானுங்கப்பா!"

குமரேசன் விரலால் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். மறுநாள் விழுப்புரம் போய்ப் புகார் கொடுத்தவரும் அவரே. படம் செய்தவன் இன்னும் பிடிபடவில்லை.

"இதோட சேனல மூடிடலாம்" என்றேன். ஜெசிந்தா சொன்னார்: "எனக்கும் பயமாத்தான் இருக்குது அமலா. ஆனா போனு எல்லா வீட்டுக்கும் வந்துடுச்சே. பாக்கறதுக்குக் கத்துக்குடுக்கலைன்னா, எவன் எதக் காட்டினாலும் நம்பிடுவாங்க."

அந்தச் சேனல் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. நேற்றுவரை திறக்கவில்லை. அந்தப் படம் செய்தவன் அடுத்து யாருடைய முகத்தை எடுப்பான்? அன்றும் ஒரு வெண்ணிலா நிழலைக் கவனிப்பாளா? கவனித்தாலும், கட்டையோடு நிற்பவர்கள் காதுகொடுப்பார்களா? எனக்குத் தெரியவில்லை!

ஜெசிந்தா அவர்களே, திங்கட்கிழமை மூன்றாம் பாடவேளையில் உங்கள் வகுப்பு நடக்கும். நான் நடத்துவேன். பெற்றோரே, நீங்களும் வந்து பிள்ளைகளோடு உட்காருங்கள். தனியாக நடத்த எனக்குப் பயமாக இருக்கிறது.