சூதாட்டக் கடைக்கு எதிர்த்தாப்ல

இல்லங்க, அந்த ஸ்டூல் வேணாம், கால் ஆடும். இப்படி உக்காருங்க. ம்… சூதாட்டத்தால இந்தத் தெருவுக்கு என்ன ஆச்சுன்னுதானே உங்க ஆராய்ச்சி? எதிர்ல அந்தக் காசு போட்டு ஆடற மிஷின் கடை வந்தப்புறம் செருப்புக்கடைக்காரர் காலி பண்ணிட்டாரு. என்கிட்டயும் புதுத்துணி தைக்க யாரு வர்றா? எல்லாம் பழசப் பிரிச்சுத் தைக்கறதுதான்.

ஒரு நிமிஷம். யாரோ வெளிய வந்த மாதிரி… இல்ல, பெருக்கற அம்மா.

எங்க விட்டேன்? ஆங், அங்க போறது வாலிபப் பசங்க மட்டும் இல்லங்க. ரிட்டையரான டீச்சர் ஒருத்தங்க இருக்காங்க. புருஷன் போனப்புறம் வீட்டுச் சுவத்தையே எத்தன நேரம் பாக்கறதுன்னு உள்ள போனவங்க. மொதல்ல வளையல் போச்சு. அப்புறம் பென்ஷன். கடைசில மருமக இல்லாத நேரம் பாத்து, அவ தையல் மிஷினயே வித்துட்டாங்க.

யாரு, மருமகளா? நான்தாங்க. இது வாடகை மிஷின்.

கோவம் வராம இருக்குமா. ஆனா என் வீட்டுக்காரருக்கு வந்தது வைராக்கியம். பெத்த தாயத் தனி ரூம்ல வச்சுட்டு, இனி நீயும் அவங்ககிட்ட பேசக்கூடாதுன்னு எங்க மக தலைல அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு. நானும் பேசறதில்ல. சோத்த மட்டும் கதவுகிட்ட வச்சுட்டு வந்துடுவேன். என்னைப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கு, இவ படிக்கணும்னா படிக்கட்டும்னு சொன்னவங்க. அத எப்படி மறக்கறது, சொல்லுங்க.

தண்ணி குடிக்கறீங்களா? நான்தான் குடிக்கணும், காலைலேருந்து ஒரே அலைச்சல்.

நீங்க அடுத்தது எதிர்க்கடைக்குத்தானே போறீங்க? இப்பவும் அங்கதான் இருக்காங்க. நான் வந்தா சரிப்படாதுங்க. சத்தியத்துக்கு முன்ன ஒருவாட்டி கூப்பிடப் போனேன், சண்டைக்கு வந்திருக்கேன்னு பின்வாசல் வழியாப் போயிட்டாங்க. ஓரமா உக்காந்திருப்பாங்க, நரைச்ச தல, தடிச்ச கண்ணாடி. கேள்வியெல்லாம் கேட்டு முடிச்சுட்டு… வேணாம், மொதல்லயே சொல்லிடுங்க. அவங்க பேத்திக்கு, அதான் என் மகளுக்கு, காலைல பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. வாசல்ல வண்டியோட நான் நிக்கறேன்னு சொல்லுங்க.

சத்தியமா? அது யாரு தலைல அடிச்சு பண்ணதோ, அவளேதாங்க கண்ணத் தொறந்ததும் கேட்டா, பாட்டி எங்கம்மான்னு.