வலிக்குது, வலிக்குது!

மட்டாஞ்சேரியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எதிரே ஒரு காரின் பின்னால், பட்டுப்புடவை கட்டிய பெண்ணும் ஒரு மலையாளி ஆட்டோக்காரரும் திறக்காத டிக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கணவர் பின்சீட்டை மடக்கிவிட்டு டிக்கிக்குள்ளேயே ஊர்ந்துபோயிருந்தார்.

"லாக்கு கெடச்சுதா? கூரைப்புடவைப் பை அதுல மாட்டிக் கெடக்கு, உங்க தங்கச்சி மண்டபத்துல காத்திருக்கா! முகூர்த்தத்துக்கு அரைமணிதான் இருக்கு!"

"கெடச்சிருச்சு! அமுக்குறேன்... ஐயோ, விரல் மாட்டிக்கிச்சு! வலிக்குது, வலிக்குது!"

ஆட்டோக்காரர் முகம் மலர்ந்தது. "வலிக்கான் பறஞ்ஞு!" என்று டிக்கியைப் பிடித்து இழுத்தார்.

"சேட்டா, வலிக்கண்டா! அது தமிழு! அவருக்கு நோவுது, இழுக்கச் சொல்லல!" என்று அவள் கத்தினாள்.

அது அவர் காதில் ஏறுவதற்குள் உள்ளேயிருந்து மறுபடி அலறல்: "வலிக்குதுய்யா!"

"தா, வலிச்சு!" என்று முழு பலத்தோடு இன்னொரு இழுப்பு. டிக்கி படாரென்று திறந்தது.

கணவர் ஒரு கையை உதறியபடி, மறுகையால் புடவைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே குதித்தார்.

"நாலு வருஷமா மலையாளம் படிங்கன்னு தலையில அடிச்சுக்கிட்டேன்," என்றாள் அவள், காருக்குள் பாய்ந்தபடி. "நல்லவேளை, நீங்க படிக்கல!"