தூக்குச்சட்டியில் வெள்ளரிக் கூட்டு

எனக்குச் சமையலில் கைப்பக்குவம் உண்டு என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால், தூக்குச்சட்டியில் என்ன இருந்தது என்று நீங்கள் மூன்றாம் முறை கேட்கும்போது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது, இன்ஸ்பெக்டர் அய்யா. வெள்ளரிக்காய்க் கூட்டு. முதலிலிருந்தே சொல்கிறேன்.

என் பெயர் வெள்ளையம்மாள். கமுதிப் பக்கம் சொந்த நிலம், சொந்தக் கிணறு. தம்பி மலையாண்டி பள்ளிக்கூட வாத்தியார். பெற்றவர்கள் போன பிறகு அவனை வளர்த்தது நான். அவனுக்குப் பெண் பார்த்ததும் நான்தான். அந்தத் தவறுக்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

தம்பி பெண்டாட்டி சேதுலட்சுமி பி.எஸ்சி. படித்தவள். மகள் ராக்குவுக்கு ஏழு வயது. வெள்ளரி விளைகிற மண்ணில் பிறந்த பிள்ளை, பச்சை வெள்ளரியைக் கடித்தால் நாக்கு அரிக்கிறது என்றாள், உதடும் தடித்தது. மதுரையில் ஒரு டாக்டர் காரணம் சொன்னார். ஊரைச் சுற்றிப் பூக்கிற சீமைக்கருவேலத்தின் பூந்தூள் பிள்ளைக்கு ஆகவில்லையாம். பச்சைக் காயையும் பழத்தையும் அவள் உடம்பு அந்தத் தூள் என்றே நினைத்துக்கொள்கிறதாம். வேகவைத்தால் ஒன்றும் செய்யாதாம். மரத்துக்கும் காய்க்கும் சொந்தம் கண்டுபிடிக்க மதுரையில் ஆள் இருக்கிறது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வாழைப்பழம்கூட இட்லிக் கொப்பரையில் ஏறி இறங்கியது.

அதையும் பொறுத்தேன். பிள்ளைக்கு மூச்சும் இழுக்கிறது, கடலோரம் போனால் தேவலை என்றார் டாக்டர். தம்பி பாம்பனுக்கு மாற்றல் வாங்கினான். "நீங்களும் வாங்க மதினி" என்றாள் சேதுலட்சுமி. மாட்டையும் நிலத்தையும் விட்டு நான் வரமாட்டேன் என்று தெரிந்துதான் கூப்பிட்டாள்.

பாம்பனில் பிள்ளைக்கு மூச்சிழுப்பு நின்றது. கன்னத்தில் சதை வைத்தது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அங்கே சுகமாக இருந்தால் ஊருக்கு எதற்குத் திரும்புவார்கள், நீங்களே சொல்லுங்கள். பாம்பனிலும் உதடு வீங்கினால் கருவேலத்தின்மேல் குற்றமில்லை என்று ஆகிவிடும். தம்பி வீடு வந்து சேர்வான்.

ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். "பச்சையா எதுவும் குடுத்துறாதீக மதினி" என்று வாசலிலேயே சொல்வாள். தூக்குச்சட்டியை வாங்கி வைப்பாளே தவிர, முகர்ந்து பார்க்க மாட்டாள். நாத்தனார் கொண்டுவரும் பண்டத்தைச் சோதித்துப் பார்ப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அந்த மட்டும் மரியாதை தெரிந்தவள்.

காயை நன்றாகத்தான் வேகவைத்தேன். ஆறியபின், பச்சை வெள்ளரியைத் தேங்காயோடு அரைத்துக் கலந்தேன். முதல் முறை ஒரு கரண்டி, உதடு தடித்தது. அடுத்த முறை இரண்டு; இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. "இங்கன வந்தும் இப்பிடித்தான்னா எதுக்குக்கா இந்தப் பாடு" என்றான் தம்பி. அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சீக்கிரம் முடியட்டும் என்று மூன்றாம் முறை வெந்தது பாதி, வேகாதது பாதியாகக் கலந்தேன்.

அன்று அடுப்படியில் நானும் ராக்குவும்தான் இருந்தோம். ஒரு வாய் வைத்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது வேகலை அத்தை. நாக்கு சொல்லுது."

அம்மாவைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை.

"சாப்பிடலேன்னா கோவிச்சுக்குவீகளா?"

ஆமாம் என்றேன்.

தட்டை வழித்துச் சாப்பிட்டாள். பெரியவர்கள் சொல் தட்டாத பிள்ளை. எங்கள் வீட்டு வளர்ப்பு.

இப்போது ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் தொண்டையில் குழாயோடு கிடக்கிறாள். கண் விழித்துவிடுவாள் என்கிறார்கள். எழுதிக்கொள்ளுங்கள்: நான்தான் கலந்தேன், தெரிந்தே கலந்தேன். கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் அவளை வீட்டுக்கு அனுப்பும் அன்று எனக்குச் சொல்லிவிடுங்கள். பிள்ளைக்கு எது ஆகும், எது ஆகாது என்று சேதுலட்சுமியைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.